நாய்க்குத் திடீரென்று வலிப்பு வந்தால் காரணத்தை எங்கே தேடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேற்றுவரை ஓடியாடிய நாய் திடீரென்று தரையில் விழுந்து, கால்களை உதைத்து, வாயில் நுரை தள்ளுவதைப் பார்த்தால் எந்த வீடும் கலங்கிப்போகும். கலக்கம் தணிந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: ஏன் வந்தது? செல்லப்பிராணிகளுக்கு மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் என் அனுபவத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடைக்குப் பாதி வழியை வீட்டுக்காரர்தான் காட்டுகிறார். அவர் கண்ணால் பார்த்தது, நாய்க்கு எட்டும் இடத்தில் வீட்டில் கிடந்தது, நாயின் வயது ஆகிய மூன்றும் தெரிந்தால், பரிசோதனையில் எதைத் தேட வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும். அந்த மூன்றும் தெரியாமல் எடுக்கும் ஸ்கேன் பல நேரங்களில் பணத்தை மட்டுமே தின்கிறது.

இந்த நிமிடம் வலிப்பு வந்துகொண்டிருக்கிறது. முதலில் என்ன செய்வது?

கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை வைத்துத்தான் அடுத்த முடிவுகள் எல்லாம். படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, கூரான மேசை விளிம்பு ஆகியவற்றிலிருந்து நாயை மெல்ல விலக்குங்கள். தொலைக்காட்சியை அணைத்து, விளக்கைக் குறைத்து, மின்விசிறியைப் போடுங்கள். குழந்தைகளையும் மற்ற நாய்களையும் வேறு அறைக்கு அனுப்புங்கள். வலிப்பில் துடிக்கும் நாயைக் கூடவே வளரும் நாய் தாக்குவதும் உண்டு.

வாய்க்குள் கை, துணி, கரண்டி எதையும் வைக்காதீர்கள். நாய் நாக்கை விழுங்கிவிடாது. அந்த நேரத்தில் அது கடித்தால், கடிப்பது உங்கள் விரலை என்று அதற்குத் தெரியவும் தெரியாது. வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். சாவிக்கொத்தையோ இரும்புத் துண்டையோ காலடியில் திணிக்கிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அதனால் வலிப்பு நிற்பதில்லை. தானாக நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கிறது, பெயரை இரும்பு தட்டிக்கொண்டு போகிறது.

பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். 5 நிமிடங்களைத் தாண்டினால் துடித்துக்கொண்டிருக்கும்போதே தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். தொடர்ந்து துடிக்கும் தசைகளால் உடல் சூடேறி மூளையைப் பாதிக்கும். 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது முறை வந்தாலும், இடையில் நாய் நன்றாக இருந்தாலும்கூட, அன்றே பார்க்க வேண்டும்.

வந்தது வலிப்புதானா? மயக்கம் போட்டு விழுந்திருக்கலாமே?

இந்தக் கேள்வியைத் தாண்டாமல் காரணத்தைத் தேட இறங்கினால் தவறான வழியில் வெகுதூரம் போய்விடுவோம். இதய நோயால் மயங்கி விழுந்த நாயை வலிப்பு என்று எண்ணி வலிப்பு மாத்திரை கொடுத்தால், உண்மையான நோய் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

வலிப்பு பெரும்பாலும் நாய் படுத்திருக்கும்போதோ தூக்கத்திலோ வருகிறது; பின்னிரவிலும் விடியற்காலையிலும் அதிகம். உடல் விறைக்கும், தலை பின்னுக்கு இழுக்கும், கால்கள் நீந்துவதுபோல் அசையும், தாடை படபடக்கும், எச்சில் வழியும், சிறுநீரோ மலமோ வெளியேறும். முடிந்த பிறகும் நாய் உடனே பழைய நிலைக்கு வராது. சுவரில் முட்டும், சுற்றிச் சுற்றி நடக்கும், சில நேரம் கண் தெரியாததுபோல் தடுமாறும், அகோரப் பசியோடு எதையும் தின்னப் பார்க்கும். இந்தத் தடுமாற்றம் சில நிமிடங்களில் தீரலாம், ஒரு நாள்வரைகூட நீடிக்கலாம். வலிப்பு என்பதற்கு நான் மிகவும் நம்புகிற அடையாளம் இந்தப் பின்குழப்பம்தான்.

இதயத்தால் வரும் மயக்கம் வேறு மாதிரி. வாசலில் உங்களைக் கண்டு துள்ளும்போது, ஓடும்போது, இருமும்போது விழும். உடல் விறைப்பதைவிடத் துவள்வதுதான் அதிகம். ஈறுகள் வெளுத்திருக்கும். சில விநாடிகளில் எழுந்து ஒன்றும் நடக்காததுபோல் வாலாட்டும். நடுவயது டாபர்மேன், பாக்ஸர் இப்படி விழுந்தால் முதலில் இ.சி.ஜி.யும் எக்கோ என்னும் இதய ஸ்கேனும் எடுக்க வேண்டும்.

வயதான நாய் திடீரென்று தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்மணிகள் இடவலமாகத் துடிக்க, ஒரே பக்கமாக விழுந்துகொண்டிருந்தால், அது சமநிலையைக் காக்கும் உள்காது தொடர்பான கோளாறாக இருக்கலாம். அந்த நாய்க்கு நினைவு தப்பாது. கூப்பிட்டால் உங்களைப் பார்க்கும். தூக்கத்தில் கால் துடித்து முனகுவது வெறும் கனவு. பெயர் சொல்லி அழைத்தால் விழித்துவிடும்.

ஒரு பக்க முகம் மட்டும் துடித்தது. அதுவும் வலிப்பா?

இருக்கலாம். முழு உடலும் துடிக்காமல் ஒரு கன்னம், ஒரு கால், ஒரு காது மட்டும் தாளமாகத் துடிப்பது பகுதி வலிப்பு. இல்லாத ஈயைப் பிடிப்பதுபோல் காற்றைக் கடிப்பதும் சில நாய்களில் இந்த வகையைச் சேரும். எந்தப் பக்கம் முதலில் தொடங்கியது என்று பார்த்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே பக்கம் என்றால் மூளையின் எதிர்ப்பக்கத்தில் ஏதேனும் இருக்கிறதா என்ற கேள்வி எழும்.

மருத்துவரிடம் போகும்முன் எதையெல்லாம் தயார் செய்ய வேண்டும்?

வீடியோ. நாயைப் பாதுகாப்பாகக் கிடத்திய பிறகு வீட்டில் ஒருவர் செல்போனில் முழு உடலும் தெரியும்படி எடுக்கட்டும். துடிக்கும்போது மட்டும் எடுத்து நிறுத்திவிடாமல், நின்ற பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாய் எப்படித் திரும்பிப் பார்க்கிறது என்பதையும் பதிவு செய்யுங்கள். அரை மணி நேரம் வாயால் விளக்குவதைவிட அது அதிகம் சொல்லும்.

அதற்கு முந்தைய 24 மணி நேரத்தை நினைவுபடுத்தி எழுதுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, என்ன சாப்பிட்டது, எங்கெல்லாம் போனது, தோட்டத்தில் மருந்து அடித்தார்களா, வீட்டில் யாராவது எலி மருந்து வைத்தார்களா, குளிப்பாட்டினீர்களா, உண்ணி மருந்து கொடுத்தீர்களா. வேலைக்கு வருபவர்களிடமும் பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துச் செல்லுங்கள். வாந்தி எடுத்திருந்தால் அதையும், கடித்துப் போட்ட காகிதமோ மாத்திரை அட்டையோ கிடந்தால் அதையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அருவருப்புப் பார்க்க வேண்டாம்.

மருத்துவர் காரணங்களை எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்?

மூன்று கூடைகளாக. முதலாவது, மூளை நன்றாக இருந்தும் உடலில் வேறெங்கோ ஏற்பட்ட கோளாறு மூளையைத் தூண்டிவிடுவது: ரத்தத்தில் சர்க்கரையோ கால்சியமோ குறைவது, கல்லீரல் பழுது, விஷம். இரண்டாவது, மூளையிலேயே காணக்கூடிய நோய்: அழற்சி, தொற்று, கட்டி, அடிபட்ட காயம், பிறவியிலேயே மூளையில் நீர் தேங்குவது. மூன்றாவது, எந்தப் பரிசோதனையிலும் பழுது தென்படாத வலிப்பு நோய். இதில் பரம்பரைக்குப் பெரும்பங்கு உண்டு.

தேடும் வரிசையும் இதுதான். முதல் கூடையில் இருப்பவை சில மணி நேரத்தில் உயிரை எடுக்கக்கூடியவை, அதே சமயம் சரியான மருந்து கிடைத்தால் அன்றே தீரக்கூடியவை. அதனால் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவோம்.

வயதை ஏன் முதலில் கேட்கிறார்கள்?

ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டி என்றால் சர்க்கரைக் குறைவு, டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய், பிறவிக் கோளாறுகள், விஷம் ஆகியவை முன்னே வந்து நிற்கும். பொம்மை போன்ற சிறிய இனக் குட்டி ஒரு வேளை உணவைத் தவறவிட்டாலே சர்க்கரை இறங்கி வலிப்பு வரலாம். சாப்பிட்ட சற்று நேரத்தில் சோர்ந்து, சுவரைப் பார்த்து நிற்கும் வளர்ச்சி குன்றிய குட்டிக்குக் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு ரத்தம் போகும் பிறவிக் குழாய் இருக்கலாம்.

ஆறு மாதத்திலிருந்து ஆறு வயதுக்குள் முதல் வலிப்பு, இடைப்பட்ட நாட்களில் நாய் முழு ஆரோக்கியம் என்றால், பரம்பரை வலிப்பு நோயின் வாய்ப்பு அதிகம். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பீகிள், ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகியவற்றில் இது நன்கு அறியப்பட்டது. ஆறு வயதைத் தாண்டி முதன்முறையாக வந்தால் மூளைக் கட்டி, கணையக் கட்டியால் சர்க்கரை இறங்குவது, ரத்தக் குழாய் அடைப்பு போன்றவற்றை விலக்காமல் விடக்கூடாது.

பக் நாய் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2000களில் ஒரு செல்போன் விளம்பரம் அந்த நாயை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. அந்த இனத்துக்கென்றே ஒரு மூளை அழற்சி உண்டு. இளம் பக் நாய்க்கு வலிப்போடு சேர்ந்து சுற்றி வருதல், பார்வைக் குறைவு, கழுத்து வலி இருந்தால், ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தாலும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

வீட்டில் இருக்கும் எந்தப் பொருட்களைச் சந்தேகிக்க வேண்டும்?

பலரும் சாக்லேட்டை மட்டும் நினைக்கிறார்கள். கறுப்பு சாக்லேட்டும் கோக்கோ பொடியும் ஆபத்துதான். ஆனால் நம் வீடுகளில் அதைவிட அருகில் இருப்பவை வேறு.

பூஜை அறையில் இருக்கும் கற்பூரம் மூளையை நேரடியாகத் தூண்டி வலிப்பை உண்டாக்கக்கூடியது. இனிப்பு என்று நினைத்துக் குட்டிகள் கடித்து விழுங்கிவிடும். வாயில் கற்பூர வாசனை வீசும். அதைவிட நான் அஞ்சுவது காசநோய் மாத்திரை. அதில் உள்ள ஐசோனியாசிட் நாய்க்குக் கொடிய விஷம். சிறிய நாய்க்கு ஒரே ஒரு 300 மில்லிகிராம் மாத்திரை போதும். விழுங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அடங்காத வலிப்பு தொடங்கும். வழக்கமான வலிப்பு மருந்துக்கு அது சரியாகக் கட்டுப்படாது, வைட்டமின் பி6 ஊசி வேண்டும். அதனால்தான் வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று மருத்துவர் கேட்கும்போது கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். ஒருமுறை தன் நாயோடு வந்த பெண் ஒருவர் தயங்கித் தயங்கிக் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். மாமியாருடையது என்றார். மூலையில் பல் பதிந்து, இரண்டு குமிழ்கள் பிய்ந்திருந்தன. அட்டையின் பின்புறம் இருந்த பெயரைப் படித்ததும் மருந்து மாறியது; நாய் பிழைத்தது.

எலி மருந்துகள் ஒரே வகை அல்ல. கறுப்புப் பொடியாக வரும் துத்தநாக பாஸ்பைடு வயிற்றில் நச்சு வாயுவாக மாறும். வாந்தி, வயிற்று வலி, வலிப்பு வரும். அந்த வாந்தியிலிருந்து வரும் வாயு மனிதருக்கும் கேடு என்பதால் காரின் கண்ணாடிகளை இறக்கிவிட்டே அழைத்துச் செல்லுங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் முதல் நாளில் பெரிதாக ஒன்றும் காட்டாமல், சில நாட்களில் கல்லீரலைச் சிதைத்து அதன் வழியாக வலிப்பில் கொண்டுபோய் விடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை, மூளைக்குள் ரத்தம் கசிந்தால்தான் வலிப்பைத் தரும். எனவே ‘எலி மருந்து தின்றது’ என்று மட்டும் சொன்னால் போதாது, உறை வேண்டும்.

வயலுக்கும் தோட்டத்துக்கும் அடிக்கும் பூச்சிமருந்து என்றால் எச்சில் ஆறாக வழியும், கண்ணீர், வயிற்றுப்போக்கு, சுருங்கிய கண்மணி, தசைகள் நெளிதல் எல்லாம் சேர்ந்து வரும். எட்டிமரம் உள்ள ஊர்களில் எட்டிக்கொட்டையையும் மறக்கக்கூடாது. அதிலுள்ள ஸ்ட்ரிக்னின், கதவு சாத்தும் ஓசைக்கே நாயின் முழு உடலையும் வில்லாக விறைக்கச் செய்யும். நினைவு இருக்கும்போதே இந்த விறைப்பு வருவதுதான் மற்ற வலிப்புகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும். குப்பைத் தொட்டியில் பூஞ்சை பிடித்த ரொட்டி, கெட்டுப்போன பால் பொருள் தின்ற நாய்க்கும் கடுமையான நடுக்கமும் வலிப்பும் வரும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் உள்ள சைலிட்டால் ரத்தச் சர்க்கரையை வேகமாக இறக்கும்.

விஷம் என்று சந்தேகம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

கூடவே கூடாது. உப்புக் கரைசல் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றிவிடும். அதுவே புதிதாக ஒரு வலிப்பை உண்டாக்கி உயிரை வாங்கும். வலிப்பு வந்த நாய்க்கு விழுங்கும் கட்டுப்பாடு இருக்காது என்பதால், எதைக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தாலும் நுரையீரலுக்குள் போகும். புளித்தண்ணீர், முட்டை, பால், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

உண்ணி மருந்து கொடுத்த மறுநாள் வலிப்பு வந்தது. தொடர்பு உண்டா?

உண்டாகலாம். மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ கொடுக்கும் மெல்லும் மாத்திரைகளில் உள்ள ஃப்ளூரலானர், அஃபாக்ஸோலானர் வகை மருந்துகள் சில நாய்களில் நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பை உண்டாக்கலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. பெரும்பாலான நாய்களுக்கு இவை பாதுகாப்பானவை. ஏற்கெனவே வலிப்பு வந்த நாய்க்கு மட்டும் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். சொறிக்குப் போடும் ஐவர்மெக்டின் கோலி இன நாய்களுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் ஆபத்து. அவற்றில் பலவற்றுக்கு, அந்த மருந்து மூளைக்குள் நுழையாமல் தடுக்கும் மரபணு பழுதாகியிருக்கும். மாட்டுக்கு வாங்கிய மருந்தைக் கண்ணளவில் நாய்க்குக் கொடுப்பதை எந்த இனத்துக்கும் செய்யாதீர்கள்.

குட்டி போட்டு மூன்று வாரம் ஆன ஸ்பிட்ஸ் நடுங்கி விழுந்தது. ஏன்?

உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பாலில் கால்சியம் வெளியேறும் வேகத்துக்கு ரத்தத்தில் அது நிரம்பாமல் போவதால் வருவது இது. ஸ்பிட்ஸ், பொமரேனியன் போன்ற சிறிய இனப் பெட்டை நாய்கள் நிறையக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் முதல் நான்கு வாரங்களில் அதிகம் காண்கிறோம். முதலில் மூச்சிரைக்கும், குட்டிகளை விட்டு எழுந்து நிலைகொள்ளாமல் அலையும், முகத்தைச் சொறியும், கால்கள் மரக்கட்டையாக விறைக்கும், பிறகு வலிப்பு. உடல் கொதிக்கும், அதைக் காய்ச்சல் என்று எண்ணிப் பாராசிட்டமால் கொடுத்து நேரத்தை வீணாக்குபவர்கள் உண்டு.

கால்சியம் நரம்பு வழியாக மிக மெதுவாக ஏற்றப்படும். ஒரு கை ஊசியின் பின்பகுதியை மயிரிழை மயிரிழையாகத் தள்ள, காதில் ஸ்டெதஸ்கோப்புடன் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருப்போம்; துடிப்பு தளர்ந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். பாதி மருந்து போவதற்குள் விறைத்த கால்கள் இளகி, அந்த நாய் தலையைத் தூக்கித் தன் குட்டிகளைத் தேடும். இவ்வளவு வேகமாகக் காரணமும் தீர்வும் கைக்கு வருகிற வலிப்பு வேறு இல்லை. குட்டிகளை அன்று தாயிடமிருந்து பிரித்துப் புட்டிப்பால் கொடுக்க வேண்டும். கர்ப்ப காலம் முழுவதும் கால்சியம் மருந்தை அள்ளிக் கொடுப்பது இதைத் தடுக்காது. எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் உடலின் திறனை அது மழுங்கடித்து, ஆபத்தைக் கூட்டிவிடும்.

உண்ணிக் காய்ச்சலால் வலிப்பு வருமா?

வரும், ஆனால் அடிக்கடி இல்லை. நம் ஊரில் உண்ணி பரப்பும் எர்லிகியா, பபீசியா என்ற இரண்டு கிருமிகளும் சாதாரணம். முதலாவது ரத்தத் தட்டணுக்களைக் குறைத்து மூளைக்குள் ரத்தக் கசிவையோ மூளை உறை அழற்சியையோ உண்டாக்கலாம். நாய் சில நாட்களாகச் சோர்ந்திருந்தது, காய்ச்சல் அடித்தது, ஈறு வெளுத்தது, மூக்கில் ரத்தம் வந்தது என்றால் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்ப்பது முதல் வேலை. அதில் கிருமி தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது, பி.சி.ஆர். பரிசோதனை இன்னும் நுட்பமானது.

மூன்று மாதக் குட்டி சூயிங்கம் மெல்வதுபோல் தாடையை அசைக்கிறது. இது என்ன?

தடுப்பூசி முழுமையாகப் போடாத குட்டி என்றால் டிஸ்டெம்பர்தான் முதல் சந்தேகம். சில வாரங்களுக்கு முன் கண்ணில் பீளை, சளி, வயிற்றுப்போக்கு வந்து தேறியிருக்கும். தேறிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது நரம்பைத் தாக்கும். பாதத்தின் அடித்தோல் தடித்திருக்கும். ஒரு கால் தூக்கத்தில்கூட விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டே இருப்பது இதன் முத்திரை. கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை, பராமரிப்புதான். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கிப் பதினாறு வாரம்வரை போட வேண்டிய தடுப்பூசிகளை ‘வீட்டுக்குள்தானே இருக்கிறது’ என்று தள்ளிப்போடுவது எனக்கு ஆறாத வருத்தம்.

வெறிநோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

வெறிநோயில் நாய் இடையில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. குறிகள் தொடங்கிய பின் நாளுக்கு நாள் மோசமாகி, பெரும்பாலும் 10 நாட்களுக்குள் இறந்துவிடும். இரண்டு நிமிட வலிப்புக்குப் பிறகு மறுநாள் காலை வழக்கம்போல் சாப்பிட்டு விளையாடும், தடுப்பூசி தவறாத நாய்க்கு அந்தப் பயம் தேவையில்லை.

தடுப்பூசி போடாத நாய், அண்மை மாதங்களில் வேறு நாய் கடித்தது, இரண்டொரு நாளாகக் குணம் மாறியிருக்கிறது, குரல் மாறியிருக்கிறது, தாடை தொங்கி விழுங்க முடியவில்லை என்றால் கதை வேறு. தொடாமல் தனி அறையில் அடைத்து மருத்துவரை அழையுங்கள். எச்சில் காயத்திலோ கண்ணிலோ வாயிலோ பட்டவர்களும் கடிபட்டவர்களும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு (கண், வாய் என்றால் வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு) அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய்க்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

கத்திரி வெயிலில் விளையாடிவிட்டு வந்து விழுந்தது.

வெப்ப அதிர்ச்சி. நாயின் இயல்பான வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் மூளை தாங்காது. குழாய்த் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி, விசிறி காற்றில் வைத்து, அதன் பிறகு புறப்படுங்கள்.

எந்த ரத்தப் பரிசோதனைகள் அவசியம்?

முதலில் சர்க்கரை. ஒரு சொட்டு ரத்தம், சில விநாடிகள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். பிறகு எடுத்தால் தடயம் அழிந்துவிடும். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் நாயின் ரத்தத்தில் உண்மையைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டும் என்பதையும் கணக்கில் கொள்வோம். அடுத்து கால்சியம், சோடியம், முழு ரத்த அணுக்கள், தட்டணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், சிறுநீர்ப் பரிசோதனை. கல்லீரலின் மேல் சந்தேகம் இருந்தால் வெறும் வயிற்றிலும் உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பித்த அமிலம் பார்க்க வேண்டும். கல்லீரல் நொதிகள் இயல்பாக இருந்தும் கல்லீரல் வேலை செய்யாமல் இருப்பதுண்டு.

வலிப்பு முடிந்த உடனே எடுத்த ரத்தத்தில் தசை நொதி ஏறியிருக்கும், சர்க்கரையும் ஏறியிருக்கலாம். அவை வலிப்பின் விளைவு. அவற்றையே காரணம் என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டது. அப்படியானால் காரணமே இல்லையா?

இந்த விடை பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. ஆனால் அது நல்ல செய்திக்கு நெருக்கமானது. முதல் கூடையின் பெரும்பகுதி காலியாகிவிட்டது என்று பொருள். சர்வதேசக் கால்நடை வலிப்பு நோய்ப் பணிக்குழு 2015இல் வகுத்த அளவுகோல்படி, குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வலிப்பு, தூண்டுதல் எதுவும் இல்லாமல் வந்திருக்க வேண்டும். முதல் வலிப்பு ஆறு மாதம் முதல் ஆறு வயதுக்குள் வந்திருக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் உடலும் நரம்பும் இயல்பாக இருக்க வேண்டும், ரத்தமும் சிறுநீரும் சரியாக இருக்க வேண்டும். இவ்வளவும் பொருந்தினால் ஸ்கேன் இல்லாமலேயே பரம்பரை சார்ந்த வலிப்பு நோய் என்று தொடக்க நிலை உறுதியோடு சொல்லலாம். நீங்கள் கொடுத்த உணவோ வளர்த்த விதமோ அதற்குக் காரணம் இல்லை.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு முன்போ ஆறு வயதுக்குப் பின்போ தொடங்கியது, வலிப்பு இல்லாத நாட்களிலும் நடையிலோ பார்வையிலோ குறை இருப்பது, தொடக்கத்திலேயே அடங்காத வலிப்போ அடுத்தடுத்த வலிப்போ வந்தது, மருந்துக்குக் கட்டுப்படாதது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் கட்டாயம் யோசியுங்கள். நாயை முழு மயக்கத்தில் கிடத்தித்தான் எடுக்க முடியும். செலவும் அதிகம், வசதியும் பெரிய நகரங்களில்தான். தேவைப்பட்டால் அதே மயக்கத்தில் தண்டுவட நீரும் எடுத்துப் பார்க்கலாம். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளின் மருத்துவமனைகளில் முதலில் காட்டினால், ஸ்கேன் உண்மையில் வேண்டுமா என்பதையாவது தெரிந்துகொள்ளலாம். வசதி இல்லாதவர்கள் ஸ்கேன் எடுக்கவில்லையே என்று குற்றவுணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. கவனமான பரிசோதனையும் ரத்தமும் பெரும்பாலான நாய்களுக்கு வழி காட்டிவிடும்.

ஒரே ஒரு முறை வந்தது. மாத்திரை தொடங்க வேண்டுமா?

பொதுவாக வேண்டாம். ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை வந்தால், ஒரே முறையானாலும் 5 நிமிடத்தைத் தாண்டினால், ஒரே நாளில் பல முறை வந்தால், பின்குழப்பம் மிகக் கடுமையாக இருந்தால் தொடங்குவோம். பெரும்பாலும் பினோபார்பிட்டோன். அதன் அளவு ரத்தத்தில் நிலைபெற இரண்டு வாரம் ஆகும், அதன் பிறகு அளவைச் சோதித்துத் திருத்த வேண்டும். தொடங்கிய மருந்தை நீங்களாக ஒருநாள் நிறுத்தினால், நிறுத்தியதாலேயே பயங்கரமான வலிப்பு வரலாம்.

வீட்டில் ஒருவருக்கு வலிப்பு மாத்திரை இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். மனிதர்களுக்குப் பயன்படும் ஃபெனிடாயினை நாயின் உடல் மிக வேகமாக வெளியேற்றிவிடும், பயன் இருக்காது. மனிதர்களுக்கான சில திரவ மருந்துகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்த்திருப்பார்கள். அதன் கேட்டை மேலே பார்த்தோம்.

அமாவாசை, பௌர்ணமியில் வருவதாகச் சொல்கிறார்களே?

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், நீடித்த அளவு, முந்தைய நாள் நடந்தது எல்லாவற்றையும் எழுதி வாருங்கள். நிலவைவிடப் பயனுள்ளவை அதில் தென்படலாம்: மருந்து ஒரு வேளை தவறியது, விருந்தினர் வந்து தூக்கம் கெட்டது, பட்டாசு, பெட்டை நாய்க்குப் பருவம் வந்தது. கருத்தடை செய்யாத பெட்டைகளில் சிலவற்றுக்குப் பருவ காலத்தை ஒட்டியே வலிப்பு வரும். அது தெரிந்தால் கருத்தடை அறுவைச் சிகிச்சையே மருத்துவத்தின் ஒரு பகுதியாகிவிடும்.

வலிப்பு வந்த நாயை இனப்பெருக்கம் செய்யலாமா?

வேண்டாம். பரம்பரை வலிப்பு என்று தெரிந்தால் விற்றவரிடமும் சொல்லுங்கள். அதே பெற்றோரின் அடுத்த ஈற்றை அவர் நிறுத்தட்டும்.

நாங்கள் வேலைக்குப் போகிறவர்கள். தனியே விட்டுச் செல்லலாமா?

நாய் நிலைபெற்ற பிறகு விட்டுச் செல்லலாம். மாடிப்படிக்குக் கதவு போடுங்கள், தொட்டியை மூடுங்கள், கழுத்தில் சங்கிலி கட்டி விட்டுப் போகாதீர்கள், துடிக்கும்போது இறுக்கிவிடும். கட்டில், சோபா மேல் ஏறிப் படுக்கும் பழக்கம் இருந்தால் தரையில் மெத்தை போட்டுப் பழக்குங்கள். வலிப்பு நீண்டால் ஆசனவாய் வழியாகச் செலுத்தும் மருந்தை உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், அதன் அளவை ஒரு தாளில் எழுதி, மருத்துவமனையின் இரவு நேரத் தொலைபேசி எண்ணோடு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.